சேமித்த ஆட்டத்தைத் திருத்துதல்: நகரமைப்பு, வியூக விளையாட்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் எனப்படும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. அந்த ஆண்டில் ஓர் இரவு, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் அக்கா மகன் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்னும் நகரமைப்பு விளையாட்டில் நான்கு மாதமாகக் கட்டி வந்த நகரத்தைச் சேமித்துக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் நின்றது. விளக்கு திரும்பியபோது கோப்பு இருந்தது, அதன் அளவும் சரியாக இருந்தது, ஆனால் விளையாட்டு அதைத் திறக்க மறுத்தது. மறுநாள் காலை அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான். கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்டு வரை பூச்சியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கோப்பு எவ்வளவு பெரியது என்ற விவரம் வட்டின் அட்டவணையில் பதிவாகிவிட்டது; உள்ளடக்கம் வட்டைப் போய்ச் சேருவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அப்படிப்பட்ட கோப்பில் மீட்பதற்கு ஒன்றுமில்லை என்பதை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதே கோப்புறையில் இருபது நிமிடம் பழைய தானியங்கிச் சேமிப்பு ஒன்று இருந்தது. அதுவும் திறக்கவில்லை என்றாலும், அதன் சிக்கல் வேறு; அது மீட்கக் கூடியதாக இருந்தது.

சேமித்த ஆட்டத்தைத் திருத்துவது என்றாலே கஜானாவை நிரப்பிக்கொள்ளும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணம் மட்டும் வேண்டுமென்றால் கோப்பைத் தொடவே தேவையில்லை. ஓப்பன் டிடிடி என்னும் போக்குவரத்து விளையாட்டில் கண்ட்ரோல், ஆல்ட், சி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஏமாற்றுச் சாளரம் திறக்கும். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் கன்டென்ட் மேனேஜரில் வரம்பற்ற பணம் தரும் மாட் (விளையாட்டை மாற்றும் சேர்ப்பு நிரல்) விளையாட்டோடு சேர்ந்தே வருகிறது. சிம்சிட்டி 4-இல் கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தி, வீக்னெஸ்பேஸ் (weaknesspays) என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒவ்வொரு முறையும் 1,000 சிமோலியன் (அந்த விளையாட்டின் பணம்) கிடைக்கும். கோப்பைத் திருத்தக் கற்றுக்கொள்வதன் உண்மையான பயன், பல மாத உழைப்பு ஒரு மின்வெட்டாலோ நிரலின் பிழையாலோ முடங்கும்போது அதை மீட்க முடிவதுதான். அதற்கு வேண்டியது பெரிய நிரலறிவு அன்று. ஒரே ஒரு மாற்றத்தால் மட்டுமே வேறுபடும் இரண்டு சேமிப்புகளை உருவாக்கி, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை.

கோப்பு எங்கே இருக்கிறது

விண்டோஸில் பெரும்பாலான சேமிப்புகள் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். சிவிலைசேஷன் 6 போன்றவை டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் மை கேம்ஸ் என்னும் உட்கோப்புறையில் வைக்கின்றன. பாரடாக்ஸ் நிறுவனத்தின் வரலாற்று வியூக விளையாட்டுகள் அதே டாக்குமென்ட்ஸில் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் என்ற பெயரில் வைக்கின்றன. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ், ரிம்வேர்ல்டு முதலியவை ஆப்டேட்டா என்னும் மறைக்கப்பட்ட கோப்புறைக்குள் வைக்கின்றன. மறைந்த கோப்புறைகளைக் காட்டும்படி ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். ஒன்டிரைவ் நிறுவப்பட்ட கணினியில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையே ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கலாம்; தேடியும் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களில் பலருக்கு இதுவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-இல் ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். அவற்றைப் பிரிக்காமல் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

நகலும் கிளவுடும்

விளையாட்டை முழுவதும் மூடிய பிறகு, சேமிப்புக் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்திற்கு நகலெடுங்கள். அந்த நகலை எந்தக் காரணத்தைக் கொண்டும் திறக்கவோ திருத்தவோ கூடாது. திருத்துவதற்கு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலின் பெயரில் ஆட்டத்துக்குள் இருக்கும் தேதியையும் நீங்கள் செய்யப்போகும் மாற்றத்தையும் எழுதிவைப்பது நல்லது. மூன்றாவது நாளில் எந்தக் கோப்பு எது என்று நினைவிருக்காது.

அடுத்து, விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியில் அந்த விளையாட்டின் பண்புகள் பக்கத்துக்குச் சென்று, சேமிப்புகளை இணையத்தில் நகலெடுத்து வைக்கும் ஸ்டீம் கிளவுடைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால், நீங்கள் திருத்திய கோப்பின் மேல் கிளவுடில் இருக்கும் பழைய கோப்பு வந்து அமரலாம், அல்லது கெட்டுப்போன கோப்பு மேலேறிக் கிளவுடில் இருந்த நல்ல கோப்பை அழிக்கலாம். கணினியில் உள்ளது வேண்டுமா, கிளவுடில் உள்ளது வேண்டுமா என்று ஸ்டீம் கேட்கும்போது அவசரத்தில் பதில் சொல்லிவிடாமல், இரண்டின் தேதியையும் நேரத்தையும் படித்துப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பிய உடனே இந்தக் கேள்வி வந்தால், முதலில் இணையத்தைத் துண்டித்து, கணினியில் இருப்பதை நகலெடுத்துக்கொண்டு, பிறகு பதில் சொல்வதே பாதுகாப்பானது.

பலர் சேர்ந்து விளையாடும் ஆட்டத்தின் கோப்பையும், சாதனைகளுக்காக அயர்ன்மேன் முறையில் ஆடும் ஆட்டத்தின் கோப்பையும் திருத்தாதீர்கள். முன்னதில் எதிரே ஆடுகிறவர் ஏமாற்றப்படுகிறார். பின்னதில் திருத்த முடியாத ஆட்டம் என்று நீங்களே ஏற்ற நிபந்தனை முறிகிறது. பெயர் தெரியாத தளங்களிலிருந்து டிரெயினர் என்ற பெயரில் வரும் ஏமாற்று நிரல்களையும் தவிர்த்துவிடுங்கள். கீழே சொல்லும் வேலைகளுக்கு, உரையைத் திருத்த நோட்பேட் பிளஸ் பிளஸ், பைட்டுகளைப் பார்க்கும் ஹெக்ஸ் எடிட்டரான எச்எக்ஸ்டி, ஸிப் கோப்புகளைத் திறக்க செவன் ஜிப், உரைக் கோப்புகளை ஒப்பிட வின்மெர்ஜ் ஆகிய நான்கும் போதும், நான்கும் இலவசமானவை.

முதல் சில எழுத்துகள் சொல்லும் செய்தி

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் நீட்சியை நம்பாமல், எச்எக்ஸ்டியில் திறந்து முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். வலப்புறப் பத்தியில் அவை எழுத்துகளாகத் தெரியும். பி, கே என்று தொடங்கினால் அது ஸிப் கோப்பு. செவன் ஜிப்பால் திறக்கலாம். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல் இயூ4டெக்ஸ்ட் என்பதன் சுருக்கமான எழுத்துகளோடு தொடங்கும் கோப்பு வெறும் உரை. அந்த எழுத்துகள் பி, ஐ, என் என்று முடிந்தால் அது இரும எண்களால் ஆனது. ஓப்பன் டிடிடியில் முதல் நான்கு எழுத்துகளே சுருக்கும் முறையைச் சொல்லிவிடுகின்றன: நான்காம் எழுத்து என் என்றால் சுருக்கப்படவில்லை, ஸெட் என்றால் ஸிலிப், எக்ஸ் என்றால் எல்ஸெட்எம்ஏ. 1993-இல் வெளிவந்த சிம்சிட்டி 2000-இன் நகரக் கோப்பு ஃபார்ம் என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும்.

ஸ்டெல்லாரிஸின் சேமிப்பு ஒரு ஸிப் கோப்பு. அதற்குள் மெட்டா, கேம்ஸ்டேட் என்று இரண்டு உரைக் கோப்புகள் உள்ளன. அவற்றை வெளியே எடுத்துத் திருத்தி மீண்டும் ஸிப் ஆக்கும்போது, இரண்டும் எந்த உட்கோப்புறைக்குள்ளும் அடங்காமல் நேரடியாக மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். கோப்புறையை வலச்சொடுக்கிச் சுருக்கினால் இந்தத் தவறு நேரும். கோப்புகளைத் தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள்.

உரையாக இருக்கும் கோப்புகள்

வியூக விளையாட்டுகளில் உரைக் கோப்புகள் அதிகம் என்பது புதிதாகக் கற்பவருக்கு வசதியானது. சிவிலைசேஷன் 4-இன் வேர்ல்டுபில்டர் சேமிப்பும், ரிம்வேர்ல்டின் சேமிப்பும் உரைதான். பின்னது எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கும். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் செட்டிங்ஸ் கோப்பில் சேவ் அஸ் பைனரி என்னும் வரியை நோ என்று மாற்றினால், அதன்பின் சேமிப்பவை எல்லாம் உரையாகக் கிடைக்கும்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இல், 1444 நவம்பர் 11-ஆம் நாள் தொடங்கும் ஆட்டத்தில் விஜயநகரத்தை ஆள்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. விஜயநகரத்துக்கு வி, ஐ, ஜே. அந்த மூன்றெழுத்தைத் தேடினால் ஆயிரக்கணக்கான இடங்கள் வரும், ஏனெனில் ஒவ்வொரு மாகாணத்தின் உரிமையாளர் வரியிலும், மற்ற நாடுகளின் உறவுப் பட்டியல்களிலும் அது இருக்கும். ஆகவே முதலில் கன்ட்ரீஸ் என்று வரியின் தொடக்கத்தில் வரும் தொகுதியைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் ஒரே ஒரு டேப் இடைவெளி விட்டு வி, ஐ, ஜே என்று தொடங்கி அடைப்புக்குறி திறக்கும் இடமே விஜயநகரத்தின் சொந்தத் தொகுதி. அதிகமான டேப் விட்டு வருபவை பிற நாடுகளின் உள்ளே இருப்பவை. அந்தத் தொகுதிக்குள் டிரெஷரி என்னும் சொல்லுக்கு எதிரே கஜானாவின் தொகை இருக்கும்.

இங்கே தென்னாப்பிரிக்காவில் வாழ்கிற நமக்கு ஒரு தனி இடர் உண்டு. விண்டோஸில் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தை வட்டார அமைப்பாக வைத்தால், பதின்மப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி வரும். சேமிப்புக் கோப்பிலோ புள்ளிதான் இருக்க வேண்டும். நூறு நாடுகளின் தொகைகளை எக்செலில் கணக்கிட்டு ஒட்டுகிறவர் 1250.500 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1250,500 என்று ஒட்டிவிடுவார். கோப்பு திறக்காமல் போகலாம், அல்லது திறந்து தவறான எண்ணைக் காட்டலாம். பின்னதே கொடியது, ஏனெனில் பிழை நடந்ததே பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். எக்செலைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் மேம்பட்ட அமைப்புகளில் பதின்மக் குறியைப் புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது ஒட்டிய பிறகு அந்தப் பகுதியில் காற்புள்ளியைத் தேடிப் பாருங்கள்.

எழுத்துக் குறியாக்கமும் கவனத்துக்கு உரியது. யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 விண்டோஸ் 1252 என்னும் பழைய குறியாக்கத்தில் எழுதுகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸ் அதைப் பெரும்பாலும் ஆன்சி என்று கீழ்ப் பட்டையில் காட்டும். அதை யுடிஎஃப் 8-ஆக மாற்றிச் சேமித்தால் ஐரோப்பியப் பெயர்கள் சிதையும். பாம் எனப்படும் மூன்று மறைபைட்டுகள் கோப்பின் தலையில் சேர்ந்துவிட்டால், முதல் எழுத்துகளைப் பார்த்துக் கோப்பை அடையாளம் காணும் விளையாட்டு அதைத் தன் கோப்பு என்றே ஏற்காது. திறந்த குறியாக்கத்திலேயே மூடுங்கள். எதையாவது நீக்கினால், திறந்த ஒவ்வோர் அடைப்புக்குறிக்கும் மூடும் குறி இருக்கிறதா என்று பாருங்கள். நோட்பேட் பிளஸ் பிளஸில் குறியை ஒட்டிச் சொடுக்கினால் அதன் இணை நிறம் மாறித் தெரியும்.

பைட்டுகளாக இருக்கும் கோப்புகள்

உரையாக இல்லாத கோப்பில் எண்கள் பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட) முறையில் தெரியும். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் முறைக்கு மாற்றினால் எந்த எண்ணையும் பெயர்த்துக்கொள்ளலாம். 10,000 என்பது 27 10. 30,000 என்பது 75 30. 70,000 என்பது 01 11 70. ஆனால் பல விளையாட்டுகள் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும். ஆகவே 30,000-ஐ நான்கு பைட்டில் தேடும்போது 30 75 00 00 என்று தேட வேண்டும். 70,000 என்றால் 70 11 01 00. ஓப்பன் டிடிடியும் சிம்சிட்டி 2000-உம் இதற்கு மாறாகப் பெரிய மதிப்பை முதலில் எழுதுகின்றன.

பழகுவதற்கு ஓப்பன் டிடிடியை எடுத்துக்கொள்ளுங்கள். இது இலவசமானது, பழைய கணினியிலும் ஓடும். அமைப்புக் கோப்பில் சேவ்கேம் ஃபார்மட் என்னும் வரிக்கு எதிரே நன் (none) என்று எழுதினால் சேமிப்புகள் சுருக்கப்படாமல் வரும். பிறகு புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கி உடனே நிறுத்திவையுங்கள். தொடக்கத்தில் கையிருப்பும் கடனும் தலா 1,00,000 பவுண்டு. கடனில் 30,000-ஐத் திருப்பிச் செலுத்தினால் இரண்டும் 70,000 ஆகும், சேமியுங்கள். மேலும் 40,000 செலுத்தினால் இரண்டும் 30,000 ஆகும். வேறு பெயரில் சேமியுங்கள். காலம் நிறுத்தப்பட்டிருப்பதால் இரண்டு கோப்புகளுக்கும் இடையே வேறு மாற்றம் அநேகமாக இராது. எச்எக்ஸ்டியில் இரண்டையும் திறந்து ஒப்பிடச் சொன்னால், எட்டு பைட்டுத் தொகுதியில் 01 11 70 என்று முடிந்த இடத்தில் மற்றதில் 00 75 30 என்று முடிவதைக் காண்பீர்கள். அத்தகைய இடம் இரண்டு: ஒன்று கையிருப்பு, மற்றது கடன். எது எது என்று ஊகிக்காதீர்கள். நகலில் ஓர் இடத்தை மட்டும் மாற்றி, விளையாட்டில் திறந்து, எந்த எண் மாறியது என்று பாருங்கள்.

இதே பயிற்சியில் ஒரு முறை நானே ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். ஓப்பன் டிடிடியில் நாணயமாகத் தென்னாப்பிரிக்க ராண்டைத் தேர்ந்தெடுக்கலாம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். திரையில் தெரிந்த ராண்டுத் தொகையைக் கோப்பில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. எந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தாலும் விளையாட்டு உள்ளே பவுண்டிலேயே கணக்கு வைக்கிறது. திரையில் காட்டும்போது மட்டும் பெருக்கிக் காட்டுகிறது. தேடும் முன் நாணயத்தைப் பவுண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: தொடக்கத்தில் திரையில் தெரியும் 70,000 உள்ளே நூறு மடங்காக, 7,000,000 என்று இருக்கிறது. திரையில் காணும் எண் கோப்பில் கிடைக்கவில்லை என்றால் நூறால் பெருக்கித் தேடுவது என் வழக்கம்.

எண்ணின் எல்லையையும் மனத்தில் கொள்ளுங்கள். நான்கு பைட்டில் குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. அதற்கு மிக அருகில் வைத்துவிட்டு அடுத்த மாத வரி வந்து சேர்ந்தால், எண் தலைகீழாகி மிகப் பெரிய கடனாகத் தோன்றக்கூடும். பத்து லட்சம் போதுமென்றால் பத்து லட்சமே வையுங்கள். மேலும், பைட்டுகளின் மேலேயே எழுத வேண்டும். புதிய பைட்டை நடுவில் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இடம் தள்ளிப்போய்க் கோப்பு கெடும்.

சுருக்கமும் செக்சமும்

இரண்டு சேமிப்புகளை ஒப்பிடும்போது தொடக்கத்தில் சில பைட்டுகளைத் தவிர மற்ற எல்லாமே வேறுபடுகின்றன என்றால், கோப்பு சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சிவிலைசேஷன் 6 ஸிலிப் முறையில் சுருக்குகிறது. சிம்சிட்டி 2000 எளிய முறை ஒன்றைக் கையாள்கிறது: ஒரு பைட்டு 127-க்குள் இருந்தால் அத்தனை பைட்டுகள் அப்படியே தொடரும், 128-க்கு மேல் இருந்தால் அதிலிருந்து 127-ஐக் கழித்து வரும் எண்ணிக்கை அளவுக்கு அடுத்த பைட்டு திரும்பத் திரும்ப வரும். தாளில் எழுதியே அவிழ்த்துப் பார்க்கலாம். சுருக்கம் என்பது என்னவென்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதில் நிலத்தின் உயரத்தைக் குறிக்கும் பகுதி சுருக்கப்படாமல், 128 க்கு 128 கட்டங்களுக்குத் தலா இரண்டு பைட்டாக 32,768 பைட்டுகள் நேரடியாக இருக்கும்.

ஒரே ஒரு எண்ணை மாற்றியும் கோப்பு கெட்டுவிட்டது என்று விளையாட்டு சொன்னால், அதில் செக்சம் இருக்கக்கூடும்; அதாவது உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு வந்த ஓர் எண்ணைக் கோப்பிலேயே எழுதிவைத்து, திறக்கும்போது சரிபார்க்கிறது. எந்தப் பகுதி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று தெரியாமல் அதோடு போராடுவதைவிட, விளையாட்டுக்குள்ளேயே இயங்கும் மாட் ஒன்றால் மாற்றிச் சேமிப்பது மேல். அப்போது செக்சத்தை விளையாட்டே எழுதிக்கொள்ளும்.

நகரக் கோப்பையே தொடாமல் வரைபடத்தை மாற்றும் வழி ஒன்றும் உண்டு. சிம்சிட்டி 4-இன் ஒவ்வொரு மண்டலக் கோப்புறையிலும் கான்ஃபிக் என்ற பெயரில் சிறிய பிஎம்பி படம் இருக்கும். அதில் ஒரு சிவப்புப் புள்ளி சிறிய நகரம். இரண்டுக்கு இரண்டு பச்சை நடுத்தர நகரம். நான்குக்கு நான்கு நீலம் பெரிய நகரம். டர்பன் விரிகுடாவைச் சுற்றிச் சிறிய கட்டங்களும், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பெரிய கட்டங்களுமாக நான் அமைத்த மண்டலம் இந்த ஒரு படத்தில்தான் தொடங்கியது. நகரங்களைக் கட்டத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்; கட்டிய பிறகு கட்டங்களை மாற்றினால் பழைய நகரங்கள் தம் இடத்தில் பொருந்தா.

திறக்காத நகரத்தை மீட்டல்

முதலில் ஹெக்ஸ் எடிட்டரில் பாருங்கள். முழுவதும் பூச்சியம் என்றால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு, தானியங்கிச் சேமிப்புக்கோ கிளவுடுக்கோ போங்கள். தலைப்பு எழுத்துகள் சரியாக இருந்து, பின்பாதி மட்டும் பூச்சியம் என்றாலும் சுருக்கப்பட்ட கோப்பில் மீட்பு அரிது. உரைக் கோப்பாக இருந்தால் முன்பாதியைப் பழைய சேமிப்பின் பின்பாதியோடு இணைத்துப் பார்க்கலாம் என்றாலும், நான் அதைக் கடைசி முயற்சியாகவே வைத்திருக்கிறேன்.

கோப்பு முழுமையாக இருந்தும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் குற்றம் கோப்பில் இல்லை. நீங்கிப்போன அல்லது புதுப்பிக்கப்பட்ட மாட்களில் இருக்கும். என் அக்கா மகனின் தானியங்கிச் சேமிப்பு அப்படிப்பட்டது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸை ஸ்டீமின் தொடக்க ஆணைப் பெட்டியில் டிசேபிள்மாட்ஸ், நோவொர்க்ஷாப் என்னும் இரண்டு ஆணைகளோடு திறக்கலாம். முதலில் மாட்களை மட்டும் நிறுத்தித் திறக்க முயன்றோம், பயனில்லை. இரண்டையும் நிறுத்தியபோது நகரம் திறந்தது, ஆனால் ஆட்டக்காரர்கள் தாம் உருவாக்கியவற்றைப் பகிரும் ஸ்டீம் ஒர்க்ஷாப்பிலிருந்து எடுத்த கட்டடங்கள் எல்லாம் மறைந்திருந்தன. அந்த நிலையில் சேமிக்கவில்லை; சேமித்திருந்தால் அவை நிரந்தரமாகப் போயிருக்கும். பின்னர் சந்தாக்களைப் பாதி பாதியாக இயக்கிப் பார்த்தோம். முதல் பாதியில் திறந்தது, இரண்டாம் பாதியில் திறக்கவில்லை. அந்த இரண்டாம் பாதியை மறுபடி இரண்டாக்கினோம். இப்படி ஏழு முறை பிரித்ததில் ஒரே ஒரு பொருள் மிஞ்சியது. அதை மட்டும் நிறுத்தியதும் நகரம் முழுமையாகத் திறந்தது.

ரிம்வேர்ல்டில் இதே வேலையைக் கோப்புக்குள்ளேயே செய்யலாம்: நீங்கிய மாட் சேர்த்த பொருளின் பெயரைப் பிழைப்பதிவில் கண்டு, சேமிப்பில் அந்தப் பெயர் வரும் தொகுதியைத் திறக்கும் குறியிலிருந்து மூடும் குறி வரை முழுமையாக நீக்க வேண்டும்.

திறந்த நகரத்தை உடனே புதிய பெயரில் சேமித்து, விளையாட்டை மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். ஆட்டக்கணக்கில் ஓர் ஆண்டாவது ஓடவிட்டு, வரவு செலவும் போக்குவரத்தும் மக்கள்தொகையும் இயல்பாக நகர்கின்றனவா என்று கவனித்த பிறகு ஸ்டீம் கிளவுடை மறுபடி இயக்குங்கள். பழைய நகல்களை அதன் பிறகும் ஒரு மாதம் வைத்திருங்கள். அவன் இழந்தது இருபது நிமிட வேலை. அந்த வாரமே அவன் கணினிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி மாட்டினோம். லோட் ஷெடிங் நேரம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாக, மூன்று வேறு பெயர்களில் மாற்றி மாற்றிச் சேமித்துவிட்டு எழுந்துகொள்வது அவன் வழக்கமாயிற்று.